ஸ்ட்ரீமர் வாங்கும் முன் பாட்டு வரும் வழியைப் பாருங்கள்

வீட்டில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கின்றன. பாட்டு போனிலிருந்து புளூடூத்தில் போகிறது, இல்லையென்றால் டிவியின் பின்னாலிருந்து ஒரு ஒயர் வருகிறது, அதுவும் இல்லையென்றால் கூகுளின் பழைய குரோம்காஸ்ட் ஆடியோ ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது. 'இதைவிட நல்லதாக ஒன்று' என்று தேடப் போனால் சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டி 'ஸ்ட்ரீமர்' என்ற பெயரில் பெட்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லா அட்டையிலும் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்று ஒலித்தர எண்கள். அந்த எண்களைப் பார்த்து வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் ஆறு மாதத்தில் இரண்டாவது பெட்டியும் வாங்குகிறார்கள்.

ஸ்ட்ரீமருக்குள் நடப்பது மூன்று வேலை. இணையத்திலிருந்தோ வீட்டு நெட்வொர்க்கிலிருந்தோ பாட்டை வாங்குவது ஒன்று. அந்த டிஜிட்டல் சங்கதியை ஆம்புக்குப் புரியும் மின்னலையாக மாற்றுவது இரண்டு. இதைச் செய்கிற சிப்தான் டிஏசி. உங்கள் கையில் இருக்கும் போனிலிருந்து இதையெல்லாம் ஆட்டிவைக்கிற செயலி மூன்று. விலையை ஏற்றுவது இரண்டாவதும் அதைச் சுற்றியிருக்கும் அலுமினியப் பெட்டியும். தினமும் உங்களைச் சந்தோஷப்படுத்துவதும் எரிச்சல்படுத்துவதும் முதலாவதும் மூன்றாவதும். அதனால் தேர்வை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வேலை: ஒரு வாரம் கணக்கெடுங்கள்

ஒரு வாரம் நீங்கள் எதில் பாட்டுக் கேட்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், கணினியில் சேர்த்துவைத்த எம்பி3, சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் (தரம் இழக்காமல் சுருக்கிய கோப்பு), இணைய வானொலி, எதுவானாலும். வீட்டில் மற்றவர்கள் கேட்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா யூடியூபில்தான் கேட்பார் என்றால் அதுவும் கணக்கில் வர வேண்டும். அடுத்து, அந்தச் சேவை பெட்டிக்கு எந்த வழியாகப் போகும் என்று பாருங்கள். வழிகள் பல, ஆனால் இரண்டு சாதிதான்.

ஒன்றில் பாட்டு போனுக்கு வந்து, போனிலிருந்து பெட்டிக்குப் போகிறது. புளூடூத்தும் ஏர்பிளேயும் பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்றில் போன் வெறும் ரிமோட். 'இந்தப் பாட்டைப் போடு' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பெட்டியே சேவையின் சர்வரிலிருந்து நேராக வாங்கிக்கொள்கிறது. ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட், டைடல் கனெக்ட், பெட்டியின் சொந்தச் செயலி எல்லாம் இப்படித்தான். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால், பாட்டு ஓடும்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொண்டு பாருங்கள். பாட்டு தொடர்ந்தால் பெட்டி தானாக வாங்குகிறது. நின்றால் போன்தான் சுமக்கிறது.

போன் சுமந்தால் என்ன குறை? புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் சாதாரண முறையான எஸ்பிசி கோடெக் நொடிக்குக் கிட்டத்தட்ட 328 கிலோபிட். சிடி தரமோ நொடிக்கு 1,411 கிலோபிட். ஆனால் தரத்தைவிடப் பெரிய தொல்லை வேறு: கல்பனாஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது வாட்ஸாப் 'டிங்' என்கும், யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடும், போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் ஸ்பீக்கர் விக்கும். புளூடூத்திலிருந்து இரண்டாவது வகைக்கு மாறுவதுதான் உண்மையான முன்னேற்றம். அதற்குமேல் டிஏசிக்காகக் கொட்டும் காசு தருவது இதில் ஒரு பங்குதான்.

இனி சேவை வாரியாக.

யூடியூப் மியூசிக் உங்கள் பிரதானம் என்றால் பெட்டியில் கூகுள் காஸ்ட் இருந்தே ஆக வேண்டும். கிட்டத்தட்ட எந்த ஸ்ட்ரீமரின் சொந்தச் செயலியிலும் யூடியூப் மியூசிக் வராது. காஸ்ட் இல்லாத பெட்டியில் மறுபடி புளூடூத்துக்கே வந்து நிற்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம். புளூசவுண்ட் நோட் (Node) மிக நல்ல பெட்டி. ஆனால் அதில் ஏர்பிளே 2 உண்டு, காஸ்ட் கிடையாது. வீம் (WiiM) அல்ட்ராவில் நேர்மாறு: காஸ்ட் உண்டு, ஏர்பிளே கிடையாது. அதே கம்பெனியின் விலை குறைந்த வீம் புரோ, புரோ பிளஸ் இரண்டிலும் இரண்டும் உண்டு. விலை ஏறினால் வசதியும் ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். யூடியூப் மியூசிக்கின் உச்சமே 256 கிலோபிட்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காக 192 கிலோஹெர்ட்ஸ் பெட்டி தேடுவதில் பொருளில்லை.

ஸ்பாட்டிஃபையில் கவலை குறைவு. கனெக்ட் இல்லாத ஸ்ட்ரீமரை இன்று தேடினாலும் கிடைப்பது கஷ்டம். 320 கிலோபிட்டில் நெடுங்காலம் நின்ற சேவை 2025 செப்டம்பரில் 24 பிட்/44.1 கிலோஹெர்ட்ஸ் வரை லாஸ்லெஸ் (சுருக்கினாலும் தரம் இழக்காத ஒலி) தரத் தொடங்கியது. நீங்கள் கட்டும் திட்டத்தில் லாஸ்லெஸ் என்ற சொல் இருக்கிறதா, வாங்கப்போகும் பெட்டியின் மென்பொருள் அதை ஏற்கிறதா, இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் மியூசிக்தான் சிக்கல். 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணமில்லாமல் 24 பிட்/192 வரை லாஸ்லெஸ் தருகிறது, இந்தியாவிலும் தருகிறது. ஆனால் அதை வெளிக் கம்பெனிப் பெட்டிக்குள் முழுதாகக் கொண்டுசேர்க்கும் வழி குறுகலானது. ஐபோனிலிருந்து ஏர்பிளே 2-இல் அனுப்பினால் பல நேரம் தரம் சற்று இழந்து சுருக்கிய 256 கிலோபிட் ஏஏசியாகத்தான் போய்ச் சேருகிறது. காதுக்கு அது மோசமில்லை. ஆனால் லாஸ்லெஸ்ஸுக்காகவே காசு செலவழிக்கிறவருக்கு அது ஏமாற்றம். ஆண்ட்ராய்டில் ஓடும் எவர்சோலோ டிஎம்பி-ஏ6 மாதிரியான பெட்டியில் ஆப்பிள் மியூசிக் செயலியையே நிறுவிக்கொள்ளலாம். இன்னும் மலிவான வழி, சும்மா கிடக்கும் ஐபேடையோ ஐபோனையோ ஒயரில் ஒரு யுஎஸ்பி டிஏசியோடு இணைத்து ஆம்பில் செருகிவிடுவது. ஸ்ட்ரீமரே வேண்டாம். ஆப்பிள் மியூசிக் மட்டும் கேட்பவருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

வெளிநாட்டு விமர்சனங்களில் டைடல், கோபஸ் என்ற உயர்தரப் பாட்டுச் சேவைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்தியாவில் இரண்டும் அதிகாரபூர்வமாக இல்லை. கனடாவிலோ பிரிட்டனிலோ இருப்பவருக்கு இரண்டும் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் டைடல் உண்டு. நீங்கள் இருக்கும் ஊரில் இல்லாத சேவைக்கான வசதியை மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். 'எம்கியூஏ (உயர்தர ஒலியைச் சுருக்கும் ஒரு முறை) உண்டா' என்ற கேள்வியையும் அடித்துவிடலாம்: அதை உருவாக்கிய கம்பெனி 2023-இல் நிதி நெருக்கடியில் விழுந்து கைமாறியது, டைடலே 2024-இல் அதை விட்டு ஃப்ளாக்குக்கு வந்துவிட்டது. ஜியோசாவனோ வேறு எதுவோ என்றால், அந்தச் செயலியில் காஸ்ட் சின்னமோ ஏர்பிளே சின்னமோ தெரிகிறதா என்று இப்போதே திறந்து பாருங்கள். அரை நிமிட வேலை.

ஆம்பின் முதுகைப் பாருங்கள்

டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆம்பின் பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். வாங்கும் வரை அந்தப் படம் போனில் இருக்கட்டும்.

சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ துளைகள் மட்டும் இருந்தால் ஸ்ட்ரீமருக்குள் டிஏசி இருக்க வேண்டும். 'லைன்', 'ஆக்ஸ்', 'சிடி', 'டியூனர்' என்று எழுதியிருக்கும் எந்த ஜோடியிலும் செருகலாம். 'ஃபோனோ' என்று எழுதியதில் மட்டும் கூடாது. அது ரெக்கார்ட் பிளேயரின் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. ஸ்ட்ரீமர் தருவதோ 2 வோல்ட். செருகினால் அடித்தொண்டையில் கத்துகிற மாதிரி ஒரு கரகரப்பு வரும். 'பெட்டி பழுது' என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

சதுர ஆப்டிகல் துளையோ ஒற்றை கோஆக்சியல் துளையோ இருந்தால் ஆம்புக்குள்ளேயே டிஏசி இருக்கிறது. அப்படியென்றால் டிஏசிக்கு இரண்டாவது முறை காசு கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். வீம் புரோ மாதிரி அடிப்படைப் பெட்டியை ஆப்டிகலில் இணைத்தால், மாற்றும் வேலையை ஆம்பே செய்யும். மூன்று மடங்கு விலைப் பெட்டியை அதே ஆப்டிகலில் இணைத்தாலும் ஆம்புக்குள் போவது அதே எண்கள்தான். டிஏசியே இல்லாமல் வரும் ஐஃபை ஜென் ஸ்ட்ரீம் போன்றவையும் இந்த இடத்துக்குத்தான்.

உங்களுடையது ஹோம் தியேட்டர் ரிசீவர் என்றால் இன்னொரு வேடிக்கை உண்டு. ஆர்சிஏ வழியாக வருவதை அது பெரும்பாலும் மறுபடி டிஜிட்டலாக்கி, தன் கணக்குகளைப் போட்டு, மறுபடி மின்னலையாக்கும். 'பியூர் டைரக்ட்' மாதிரி ஒரு மோடில் போட்டால்தான் அது நிற்கும். ரிசீவர்காரர்கள் விலையுயர்ந்த டிஏசி உள்ள ஸ்ட்ரீமரை ஆர்சிஏவில் இணைப்பது, வடிகட்டிய காபியை மறுபடி டிகாக்ஷனில் ஊற்றுவது மாதிரி. ஆப்டிகல் போதும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, இது காசு சம்பந்தப்பட்டது. ஆம்பில் வால்யூம் குமிழ் இருந்தால் ஸ்ட்ரீமரின் வெளியீட்டை 'ஃபிக்ஸட்' ஆக்கிவிட்டு, ஒலியை ஆம்பிலேயே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் குமிழ் இல்லாத பவர் ஆம்பிலோ ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ (ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) நேராக இணைத்திருந்தால் 'ஃபிக்ஸட்' என்பதைத் தொடவே கூடாது. முதல் பாட்டே முழு வேகத்தில் பாயும். ஸ்பீக்கரின் ட்வீட்டர் (கீச்சுக் குரலை ஒலிக்கும் சின்னப் பகுதி) போனால் அந்த ஜோடிக்கு மாற்று தேடி அலைய வேண்டும். இப்படி இணைப்பவர்கள் செயலியில் அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு வைத்துவிட்டு, முதல் தடவை 10 சதவீதத்திலிருந்து தொடங்குங்கள்.

எந்த விலையில் என்ன கிடைக்கும்

இங்கே சொல்வது அமெரிக்க அறிமுக விலை. இந்தியாவில் வரி, இறக்குமதியாளர் லாபம் எல்லாம் சேர்ந்து கூடும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி இதேபோலத்தான் இருக்கும்.

150 முதல் 350 டாலர் வட்டாரத்தில் வீம் குடும்பம். புரோ 149, புரோ பிளஸ் 219, அல்ட்ரா 329. புரோவுக்கும் பிளஸ்ஸுக்கும் முக்கிய வித்தியாசம் உள்ளே இருக்கும் டிஏசி. ஆப்டிகலில் இணைக்கப்போகிறவருக்கு அந்த 70 டாலர் வீண். அல்ட்ராவில் தொடுதிரை, டிவிக்கான எச்டிஎம்ஐ, ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோ, சப்வூஃபர் வெளியீடு, ஹெட்போன் துளை எல்லாம் சேர்கின்றன. டிவியும் ரெக்கார்ட் பிளேயரும் அதே ஆம்பில் சேர வேண்டும் என்றால் அல்ட்ரா கணக்கில் சரி. இல்லையென்றால் திரைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள், அந்தத் திரையை சோபாவிலிருந்து படிக்க முடியாது.

500-600 டாலரில் கேம்பிரிட்ஜ் ஆடியோ எம்எக்ஸ்என்10, புளூசவுண்ட் நோட். முன்னது 499, திரை கிடையாது, சிறியது, காஸ்ட்டும் ஏர்பிளேயும் இரண்டும் உண்டு. பின்னதில் எச்டிஎம்ஐ, சப்வூஃபர் வெளியீடு உண்டு. வீடு முழுக்கப் பல அறைகளில் ஒரே பாட்டு ஓட வேண்டும் என்றால் அதன் செயலி நன்றாகப் பழக்கப்பட்டது. அறையின் எதிரொலியைத் திருத்தும் டைராக் லைவை 2024 நோட்டில் தனிக் காசு கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். நோட் நானோ 299 டாலர். அதே செயலி, குறைந்த துளைகள்.

850-1,100 டாலரில் எவர்சோலோ டிஎம்பி-ஏ6, கேம்பிரிட்ஜ் சிஎக்ஸ்என்100. எவர்சோலோவில் 6 அங்குலத் திரை, உள்ளே எஸ்எஸ்டி போட இடம், இரண்டிலும் சமனிட்ட எக்ஸ்எல்ஆர் (மூன்று முள்) வெளியீடு என்று சாமான்கள் கூடும். ஆம்பில் எக்ஸ்எல்ஆர் துளை இல்லாதவர், எஸ்எஸ்டியில் போட்டுவைக்கப் பாட்டு சேர்த்துவைக்காதவர் இங்கே வரத் தேவையில்லை. ஆயிரம் டாலர் ஸ்ட்ரீமரும் இருநூறு டாலர் ஸ்பீக்கரும் ஒரே அறையில் இருந்தால், மாற்ற வேண்டியது ஸ்பீக்கர்.

கைவேலை பிடித்தவருக்கு ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று, அதன்மேல் பொருத்தும் ஒரு டிஏசி பலகை, moOde அல்லது வாலூமியோ (Volumio) மென்பொருள் போதும். ஸ்பாட்டிஃபை, ஏர்பிளே, வீட்டுச் சேமிப்பு எல்லாம் ஓடும். காஸ்ட் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எஸ்டி கார்டு செத்துப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் வையுங்கள்.

கடையில் ஐந்து நிமிடம்

பெட்டியைக் கடையிலோ நண்பர் வீட்டிலோ பார்க்க முடிந்தால் ஒலியைக் கேட்காதீர்கள். அந்த அறையும் அந்த ஸ்பீக்கரும் உங்களுடையவை அல்ல. செயலியைச் சோதியுங்கள். உங்கள் போனில் அதை ஏற்றிக்கொண்டு, ஒரு பாட்டைத் தமிழ் எழுத்தில் தட்டித் தேடுங்கள், பிறகு ஆங்கில எழுத்தில் தேடுங்கள். இருபது பாட்டு வரிசையாகப் போட்டு, ஓடும் பாட்டை நிறுத்தாமல் 'அடுத்து இது' என்று ஒன்றை நடுவில் செருகுங்கள். செயலியை மூடித் திறந்தால் வரிசை அப்படியே இருக்கிறதா?

அடுத்து, பென் டிரைவில் ஒரு கச்சேரியைக் கொண்டுபோங்கள்: ராகம், தானம், பல்லவி தனித்தனிக் கோப்புகளாக உள்ள பதிவு. ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் தம்புரா ஒரு நொடி அறுந்தால் அந்தப் பெட்டிக்கு இடைவெளியில்லாமல் வாசிக்கத் தெரியவில்லை என்று பொருள். சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. கச்சேரி கேட்பவருக்கு ஒவ்வொரு தடவையும் முள் குத்தும். காஸ்ட் வழியிலும் டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கோப்புகளை வாசிக்கும் முறை) வழியிலும் இந்த அறுப்பு அதிகம், அதனால் நீங்கள் வீட்டில் பயன்படுத்தப்போகும் வழியிலேயே சோதியுங்கள்.

செயலியின் கடைசிப் புதுப்பிப்பு எப்போது என்றும் பாருங்கள். ஸ்ட்ரீமர் சாவது சிப் கெட்டு அல்ல, மென்பொருள் கைவிடப்பட்டு. லாஜிடெக் தன் ஸ்குவீஸ்பாக்ஸ் ஸ்ட்ரீமர்களை 2012-இல் நிறுத்தியது. அதற்கான இணைய சர்வரை 2024-இல் மூடியது. ஆர்வலர்கள் லிரியன் என்ற பெயரில் சர்வர் மென்பொருளைக் காப்பாற்றியதால்தான் பழைய பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்து 2019-இல் விற்பனை நின்றது. 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாகி, நன்றாக இருந்த பெட்டிகள் ஒரே நாளில் மௌனமாயின. புதுப்பிப்பு அனுப்பிச் சரிசெய்யச் சில நாள் ஆனது. அதனால் ஒரே வழியை நம்பிய பெட்டியைவிட, காஸ்ட், கனெக்ட், டிஎல்என்ஏ, ஆப்டிகல் என்று நாலு கதவுள்ள பெட்டி நீண்டநாள் உழைக்கும்.

வீட்டுக்கு வந்ததும்

1. ஆம்பை அணைத்துவிட்டு ஒயர் செருகுங்கள். ஆப்டிகல் ஒயரின் இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றுங்கள். 'சத்தமே வரவில்லை' என்று வரும் புகார்களில் இதற்குத் தனி இடம் உண்டு. ஒரு முனையைப் பெட்டியில் செருகிப் பெட்டியை ஆன் செய்தால் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். உற்றுப் பார்க்க வேண்டாம், உள்ளங்கையில் பிடித்தால் போதும். இந்த ஒயரைச் சுவர் மூலையில் மடக்காதீர்கள், உள்ளே முறிந்துவிடும்.

2. கூட வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். யுஎஸ்பி-சி துளை இருக்கிறதே என்று டிவியின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுத்தால் பாட்டின் நடுவில் பெட்டி மறுபடி பூட் ஆகும்.

3. முடிந்தால் லேன் ஒயர். சாதாரண கேட் 5இ அல்லது கேட் 6 போதும். ஆடியோவுக்கென்றே பின்னிய லேன் ஒயருக்கு ஆயிரங்கள் கேட்பவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள். வைஃபையில்தான் என்றால் போனும் பெட்டியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் ஒன்று, வீட்டு நெட்வொர்க்கில் ஒன்று என்றால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. நிறுவும்போது போனில் லொகேஷன், புளூடூத், 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதிகளைக் கொடுங்கள். ஐபோனில் மூன்றாவதை மறுத்துவிட்டுப் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

4. முதல் புதுப்பிப்பு முடியும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். கரண்ட் அடிக்கடி போகும் நேரத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

5. ரூட்டருக்குத் தடையில்லா மின்சாரம் ஏற்பாடு செய்யுங்கள். கரண்ட் போய் வந்தால் ஸ்ட்ரீமர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ரூட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் முகவரி கிடைக்காமல் பெட்டி முழித்துக்கொண்டு நிற்பதுண்டு. ரூட்டரை இன்வெர்ட்டர் லைனிலோ சின்ன யுபிஎஸ்ஸிலோ போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

கோளாறு வந்தால்

பாட்டு விட்டுவிட்டு வருகிறது. இணைய வேகம் காரணமாக இருப்பது அபூர்வம். சுருக்காத 24 பிட்/192 ஸ்டீரியோவுக்கே நொடிக்கு 9.2 மெகாபிட், ஃப்ளாக்காக வரும்போது இன்னும் குறையும். 40 மெகாபிட் இணைப்பு தாராளம். குற்றவாளி பெரும்பாலும் வைஃபையின் சிக்னல். ஸ்ட்ரீமரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாலோ டிவியின் முதுகிலோ ஒளித்து வைத்திருப்பீர்கள். ஒரு முழம் வெளியே நகர்த்திப் பாருங்கள். செயலியில் சிக்னல் அளவு காட்டினால் மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல எண் வேண்டும். மைனஸ் 75-ஐத் தொட்டால் விக்கல் நிச்சயம். சமையலறை மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் விக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5-க்கு மாற்றுங்கள்.

ஒரு சில பாட்டு மட்டும் மௌனம், அல்லது வெறும் கரகரப்பு. பழைய ஆம்புகளின் ஆப்டிகல் துளை 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்காது. 192 கோப்பு வந்ததும் ஊமையாகிவிடும். செயலியில் ஆப்டிகல் வெளியீட்டின் உச்சத்தை 96 என்று வையுங்கள். டிவியை எச்டிஎம்ஐயில் இணைத்துச் சத்தம் வரவில்லை என்றால் டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள்.

'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் ரீங்காரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல் அது, எர்த் சுழற்சி: இணைத்த கருவிகளின் எர்த் வழியாகச் சுற்றும் கரண்ட். கேபிள் டிவி ஒயர், கணினி, உலோகக் கவசமுள்ள லேன் ஒயர் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் நிற்கிறதோ அதுதான் வாசல். லேன் என்றால் கவசமில்லாத ஒயருக்கு மாறுங்கள்; இல்லையென்றால் ஸ்ட்ரீமரை ஆர்சிஏவிலிருந்து ஆப்டிகலுக்கு மாற்றுங்கள், ஒளி வழியாக எர்த் ஓடாது. ஆம்பின் மூன்றாவது எர்த் முள்ளை மட்டும் வெட்டாதீர்கள். ரீங்காரம் நிற்கும், ஷாக் அடிக்கும்.

வெளியே இணைத்த ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று துடிக்கிறது. ஸ்ட்ரீமரின் யுஎஸ்பி துளை தரும் கரண்ட் போதவில்லை. தனி மின்சாரமுள்ள டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி, பென் டிரைவ்.

சேர்த்துவைத்த பாட்டுகள்

சொந்தக் கோப்புகள் உள்ளவர்கள் பெட்டி வருவதற்கு முன்பே கணினியில் இரண்டு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். தமிழ் சினிமா ஆல்பம் ஒன்றை ஸ்ட்ரீமர் படிக்கும் விதம் விநோதமானது. ஆறு பாட்டு, ஆறிலும் வேறு வேறு பாடகர்கள். 'ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் பாடகர் பெயர் இருப்பதால், பல பெட்டிகள் அதை ஆறு ஆல்பங்களாகப் பிரித்துக் காட்டும். நானூறு படம் வைத்திருப்பவரின் பட்டியல் இரண்டாயிரத்தைத் தாண்டி நிற்கும். மருந்து எளிது: எம்பி3டேக் மாதிரி இலவச மென்பொருளில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டுகளையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் போடுங்கள். 'ஏ.ஆர். ரஹ்மான்', 'ஏ ஆர் ரகுமான்' என்று இரண்டு விதமாக இருந்தால் பெட்டிக்கு அவர் இரண்டு பேர். கச்சேரிக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் பிரதானக் கலைஞர். பக்கவாத்தியம் குறிப்பில் போகட்டும். பாட்டு வரிசை எண்ணையும் நிரப்புங்கள். இல்லையென்றால் அகரவரிசையில் பல்லவி, ராகத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2000-களின் தொடக்கத்தில் டிஸ்கி, டாப் எழுத்துருக்களில் பெயரிட்டு வைத்த கோப்புகள் ஸ்ட்ரீமரில் கோணல்மாணல் குறிகளாகத் தெரியும். பெட்டியின் கோளாறு அல்ல. அது யூனிகோடு மட்டும்தான் படிக்கும். பெயர்களை யூனிகோடுக்கு மாற்றினால் தமிழிலேயே அழகாக வரும்.

நன்றாக இருக்கிறதா, சத்தமாக இருக்கிறதா

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பழையதோடு ஒப்பிட்டுவிடுங்கள். இதில் எல்லாரும் விழுகிற குழி ஒன்று: போனின் ஹெட்போன் துளை தருவது சுமார் 1 வோல்ட் அல்லது அதற்கும் குறைவு, ஸ்ட்ரீமர் 2 வோல்ட். ஆம்பின் குமிழைத் தொடாமல் மாற்றினால் புதியது சத்தமாகக் கேட்கும். சத்தமாகக் கேட்பது காதுக்கு எப்போதும் நல்லதாகவே படும்.

அதனால் முதலில் அளவைச் சமப்படுத்துங்கள். 300 ஹெர்ட்ஸ் ஒற்றைத்தொனிக் கோப்பு ஒன்றைத் தயார்செய்து பழைய வழியில் மெதுவாக ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு ஸ்பீக்கரின் பின்னால் உள்ள சிவப்பு, கறுப்பு முனைகளைத் தொடுங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. 1.00 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கோப்பைப் புதிய வழியில் ஓடவிட்டு, 'ஃபிக்ஸட்' வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, செயலியின் வால்யூமைக் குறைத்து அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். 0.98-க்கும் 1.02-க்கும் நடுவில் நின்றால் போதும், வித்தியாசம் 0.2 டெசிபெலுக்குள் அடங்கிவிடும். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, நன்றாகத் தெரிந்த மூன்று பாட்டைப் போட்டு, வீட்டில் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லுங்கள். பத்துத் தடவை. எது எது என்று தாளில் எழுதுங்கள். ஒன்பது சரியாக வந்தால் வித்தியாசம் உண்மையிலேயே கேட்கிறது.

ஐந்தோ ஆறோ சரியாக வந்தால், காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்போது அந்தப் பெட்டியை வைத்துக்கொள்வதா என்பதைச் செயலியும் துளைகளும் மட்டும் தீர்மானிக்கட்டும். இதே வசதி பாதி விலையில் இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு அதை வாங்குங்கள். அதுவரை அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.